ஹென்றி மோட்ஸ்லி

ஹென்றி மோட்ஸ்லி (ஆகஸ்டு 22, 1771 – பெப்ரவரி 14, 1831) இங்கிலாந்தைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். திருகுகளைத் துல்லியமாக வெட்டும் கடைசல் இயந்திரத்தை (லேத்) தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக அமைத்தவர் என்று அறியப்படுகிறார். தேய்ந்துபோன பழைய லேத்துகளைப் பழுதுபார்ப்பதில் இன்றும் பின்பற்றப்படும் முறைகள் சில, இவருடைய பட்டறையிலும் இவரிடம் பணியாற்றியோரிடமும் வளர்ந்தவையாகும்.

இளமைக் காலம்

மோட்ஸ்லி லண்டனை அடுத்த வுலிச்சில் பிறந்தார். இவருடைய தந்தை அங்குள்ள அரசு படைக்கலச் சாலையில் பண்டகக் காப்பாளராக இருந்தார். 12 வயதில் அதே சாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலையில் மோட்ஸ்லி சேர்ந்தார். பின்னர் தச்சுப் பட்டறைக்கும், அங்கிருந்து கொல்லுப் பட்டறைக்கும் மாற்றப்பட்டார்.

பிராமாவின் பட்டறையில்

18 வயதில் பூட்டுத் தயாரிப்பாளரான ஜோசப் பிராமாவிடம் பணியில் சேர்ந்தார். பிராமா வடிவமைத்த பூட்டு நுட்பமான பாகங்களைக் கொண்டிருந்ததால், அதைக் கையால் செய்வது செலவு மிகுந்ததாக இருந்தது. அப்பாகங்களைச் செய்வதற்கான கருவிகளை மோட்ஸ்லி உருவாக்கினார். பட்டறையின் தலைமைப் பணியாளராக உயர்ந்த இவர், வாரம் 30 ஷில்லிங் ஊதியம் பெற்று வந்தார். 1797 இல் ஊதிய உயர்வு கேட்டபோது அது மறுக்கப்பட்டது. எனவே அங்கிருந்து விலகி, லண்டன் வெல்ஸ் தெருவில் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

திருகு வெட்டும் லேத்

அக்காலத்தில் உலோகம் கடைபவர் பெரும்பாலும் உளியைக் கையில் பிடித்தே வேலை செய்தார். ஆகவே பொருளின் துல்லியம் அவருடைய கைத்திறனையே சார்ந்திருந்தது. கருவியைத் தாங்கி நகரும் சறுக்கும், திருகு வெட்டும் இயந்திரங்களும் மோட்ஸ்லிக்கு முன்பே சிலரால் செய்யப்பட்டிருந்தன. 1800 ஆம் ஆண்டளவில் மோட்ஸ்லி அமைத்த லேத்தில் சறுக்கு, வழிகாட்டித் திருகு (லீடு ஸ்குரூ), மாற்றிப் பொருத்தக்கூடிய பற்சக்கரங்கள் ஆகிய மூன்றும் உறுதியான உலோகச் சட்டத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. பற்சக்கரங்களை மாற்றுவதன் மூலம் ஒரே வழிகாட்டித் திருகைக் கொண்டு வெவ்வேறு அளவுள்ள மரைகளை வெட்ட முடிந்தது. இந்த லேத் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

கப்பித் தொழிற்சாலை

மார்க் இசம்பார்டு புரூனல் வடிவமைத்த, கப்பல்களுக்கான மரக் கப்பிகளைச் செய்யும் இயந்திரங்களை 1802 முதல் 1808 வரை மோட்ஸ்லி கட்டினார். இவை போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் நிறுவப்பட்டன. முன்னர் 110 கைவினைஞர்கள் செய்த வேலையை, இவற்றைக் கொண்டு பயிற்சி குறைந்த 10 பேர் செய்தனர். உலோக இயந்திரங்களைக் கொண்டு பெருமளவு உற்பத்தி செய்ததற்கான முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. கைத்திறன் இயந்திரத்துக்கு மாறியபோது கைவினைஞரின் தேவை குறைந்ததையும் இது காட்டுகிறது.

அளவீடும் சமதளமும்

அங்குலத்தில் 10,000 இல் ஒரு பங்கை அளக்கவல்ல நுண்ணளவி ஒன்றை மோட்ஸ்லி செய்தார். பட்டறையில் எழும் ஐயங்களுக்கு அதுவே இறுதித் தீர்ப்பு என்பதால் அதற்கு லார்டு சான்சலர் என்று பெயரிட்டார். பணியாளர்கள் வேலையைச் சரிபார்க்கச் சமதளத் தகடுகளும் வைக்கப்பட்டிருந்தன. ஜோசப் விட்வொர்த், ஜேம்ஸ் நாஸ்மித், ரிச்சர்டு ராபர்ட்ஸ் ஆகியோர் இவரிடம் பணியாற்றிய புகழ்பெற்ற பொறியாளர்கள். மூன்று தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டிச் சமதளம் உருவாக்கும் முறையை விட்வொர்த் 1840 இல் விளக்கினார்.

பழைய லேத்துகளைப் பழுதுபார்த்தல்

துல்லியம் கையிலிருந்து இயந்திரப் பாகங்களுக்கு மாறியதால், அப்பாகங்கள் தேயும்போது துல்லியமும் குறைகிறது. லேத்தின் படுக்கை (பெட்) முழு நீளத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. வேலை மிகுதியாக நடக்கும் சக்குப் பக்கமே கூடுதலாகத் தேய்கிறது. இதனால் கடையப்படும் தண்டின் விட்டம் சீராக அமைவதில்லை. இதைச் சரிசெய்ய, நீல மை பூசிய நேர்விளிம்புச் சட்டத்தைப் படுக்கையின் மீது வைத்துத் தேய்ப்பர். மை படியும் இடங்கள் மேடானவை. அவற்றைச் சுரண்டியால் சிறிது சிறிதாக நீக்கி, மை எங்கும் பரவலாகப் படியும் வரை இதைத் திரும்பச் செய்வர். வழிகாட்டித் திருகும் அதைப் பற்றும் அரை நட்டும் தேய்ந்தால் வெட்டப்படும் மரையின் அளவு பிழைபடும். அரை நட்டைப் புதிதாகச் செய்து மாற்றலாம். திருகு தேய்ந்திருந்தால், அப்பிழை அந்த லேத்தில் வெட்டப்படும் ஒவ்வொரு மரையிலும் பதியும்.

இறுதிக் காலம்

1810 இல் இவருடைய பட்டறை லாம்பெத்துக்கு மாறியது. பின்னாளில் மோட்ஸ்லி, சன்ஸ் அண்டு ஃபீல்டு என்ற பெயரில் கப்பல்களுக்கான நீராவிப் பொறிகளைச் செய்து புகழ்பெற்றது. 1831 சனவரியில் பிரான்சிலிருந்து திரும்பும் வழியில் குளிரால் நோயுற்ற மோட்ஸ்லி, அடுத்த மாதம் காலமானார். வுலிச்சில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கு எழுப்பப்பட்ட வார்ப்பிரும்பு நினைவுச்சின்னம் இவரே வடிவமைத்ததாகும்.

இவருடைய கொள்ளுப்பேரன் ரெஜினால்டு மோட்ஸ்லி 1903 இல் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் இந்தியக் கூட்டு முயற்சியாக, தற்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வண்டலூரில் அமைந்த தொழிற்சாலையில் 1960களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தானுந்துகள் தயாரிக்கப்பட்டன.