செப்புக் காசைத் தின்னும் உப்பு: பிரீட்ரிக் ராட்கென் என்ற மனிதர்

போர்க்காலத்தில் ஓடும்போது முற்றத்தில் எதையாவது புதைத்துவிட்டுப் போன குடும்பங்கள் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது ஒரு பால்மாப் பேணி. திரும்பி வந்து தோண்டியபோது பேணி உக்கியிருந்தது. உள்ளே அம்மப்பா சேர்த்த செப்புச் சதங்கள், ஒரு பக்கம் மன்னர் தலை, மறுபக்கம் மரம், எல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தன. அம்மா புளி போட்டுத் தேய்த்தார். பளபளத்தன. ஆனால் அடுத்த மாரி முடிவதற்குள் வெளிர்பச்சைத் தூள் மறுபடி கிளம்பி, சிலவற்றில் ஆண்டு எண்ணே அழிந்துபோனது.

இந்தத் தூளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவர் ஜேர்மனியில் இருந்தார். பிரீட்ரிக் ராட்கென். 1862இல் பிறந்தவர், இரசாயனம் படித்தவர். 1888இல் பேர்லின் அரச நூதனசாலைகள் அவரை வேலைக்கு எடுத்தன. பழம்பொருட்களைக் காப்பதற்கென்றே ஒரு நூதனசாலை தனக்குள் ஆய்வுகூடம் அமைத்தது அதுவே முதற்தடவை. அதுவரை அந்த வேலை சிற்பிகளின் கையிலும் கொல்லர்களின் கையிலும்தான் இருந்தது.

அவரை அழைத்ததற்குக் காரணம் எகிப்து. அந்த வறண்ட மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடந்த கல்லும் வெண்கலமும் பேர்லினுக்கு வந்ததும் உதிரத் தொடங்கின. உள்ளே ஊறியிருந்த உப்பு, ஈரக்காற்றுப் பட்டதும் விழித்துக்கொண்டது. வாவிக்கரை மண்ணில் புதைத்த காசுக்கும் இதே கதைதான். உப்பிலுள்ள குளோரைட்டு செம்போடு சேர்ந்து உலோகத்தை ஒட்டி ஒரு படையாகப் படியும். ஈரமும் ஒட்சிசனும் கிடைத்தால் அது வெளிர்பச்சைத் தூளாக மாறும், கூடவே அமிலமும் பிறக்கும். அந்த அமிலம் புதிய செம்பைத் தின்னும், மறுபடி அதே படை. வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். புளியும் தேசிக்காயும் மேலுள்ள பச்சையைக் கரைக்கும். அடியிலுள்ள குளோரைட்டை முழுதாக எடுக்காது. எழுத்தையும் சேர்த்து அரிப்பதுதான் மிச்சம்.

ராட்கென் உப்பை வெளியே எடுக்கப் பார்த்தார். காய்ச்சி வடித்த நீரில் பொருளை ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி, வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டால் நீர் கலங்காத வரைக்கும் பொறுத்திருந்தார். கெட்டியாகத் துருவேறிய வெண்கலங்களுக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினார். இதில் எனக்கு ஒரு குறை உண்டு: அந்த முறை பழைய மேற்படலத்தையும் சேர்த்து உரித்துவிடும். இன்றைய பாதுகாப்பாளர்கள் அதனால்தான் தயங்குகிறார்கள். ஆனால் அவருக்கு முன் பார்த்துப் பழக யாரும் இருக்கவில்லை.

அறிந்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. 1898இல் நூலாக எழுதினார். 1905இல் கேம்பிரிட்ஜில் ஆங்கிலத்தில் வந்தது. தமிழ் நிலத்தில் 1930இல் சென்னை அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் இதே வேலையைத் தொடங்கினார். நோய் பிடித்த செப்புத் திருமேனிகளுக்கு அவரும் மின்சார முறையைக் கையாண்டார்.

1927இல் ஓய்வுபெற்ற ராட்கென், 1942இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது இறந்தார். அவர் கட்டிய ஆய்வுகூடமும் அந்தப் போரோடு இல்லாமற்போயிற்று. 1975இல் மேற்கு பேர்லினில் அவர் பெயரிலேயே அதை மறுபடி தொடங்கினார்கள்.

காற்றின் ஈரப்பதன் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் அடங்கிக் கிடக்கும் என்கிறார்கள். வாவிக்கரையில் அப்படியொரு நாள் ஏது? மிஞ்சிய சதங்களை நான் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி, வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவிட்டேன். எங்கள் கிணற்று நீர் உவர், அதைத் தொடவேயில்லை. நன்றாகக் காயவைத்து, மருந்துப் போத்தலில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு இறுக மூடி வைத்திருக்கிறேன். இரண்டு மாரி போய்விட்டது. ஒன்றில் மட்டும் மன்னரின் காதருகே ஒரு பச்சைப் புள்ளி தெரிகிறது. அதை மறுபடி நீரில் போட்டிருக்கிறேன்.