ஆர்வெல் கண்ட வகுப்பறைகள்

ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயரால் உலகம் அறிந்த எரிக் ஆர்தர் பிளேர், 1903ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இன்றைய பீகார் மாநிலத்தைச் சேர்ந்த மோதிஹாரியில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேய அரசின் அபினித் துறை அலுவலர். மறு ஆண்டே தாயார் குழந்தையுடன் இங்கிலாந்து திரும்பிவிட்டார். ஆர்வெலை எழுத்தாளராகப் போற்றுவோர் பலர். அவர் சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் என்பதை நினைவு கூர்வோர் சிலரே. நாம் இங்கு நோக்க விழைவது அந்தப் பக்கத்தைத்தான். அவருடைய '1984' என்னும் புதினத்தை இளம் மாணவர்க்கு எங்ஙனம் கற்பிப்பது என்னும் வினாவிற்கு, அவர் கண்ட வகுப்பறைகளே விடை தருகின்றன என்பது நம் கருத்து.

எட்டு வயதில் அவர் சேர்ந்தது ஈஸ்ட்போர்னில் இருந்த செயின்ட் சிப்ரியன்ஸ் என்னும் உறைவிடப் பள்ளி. குறைந்த கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட அவர், உதவித்தொகைத் தேர்வில் வென்று பள்ளிக்குப் பெயர் தேடித் தரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. வரலாறு என்பது அங்கே ஆண்டுகளின் அடுக்கு. கேட்டவுடன் கூவிச் சொல்வதே கல்வி. சொல்லத் தவறினால் பிரம்பு. பிற்காலத்தில் அவர் இப்பள்ளியைப் பற்றி எழுதிய கசப்பான கட்டுரையை உடன் பயின்றோர் சிலர் மறுத்ததும் உண்டு. 1917இல் ஈட்டன் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்குப் பிரெஞ்சு கற்பித்தவர்களுள் ஒருவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. பின்னாளில் 'பிரேவ் நியூ வேர்ல்டு' எழுதிய அதே ஹக்ஸ்லிதான். வருங்காலக் கொடுங்கோன்மையைப் புதினமாக்கிய இருவர் ஒரே வகுப்பறையில் இருந்திருக்கின்றனர் என்பது வியப்புக்குரியது.

1922 முதல் ஐந்தாண்டுகள் பர்மாவில் காவல்துறை அதிகாரியாகப் பணிபுரிந்து, அப்பணியை வெறுத்து விலகினார். பின்னர் பாரிஸிலும் லண்டனிலும் வறியோருடன் வாழ்ந்தார். 1932ஆம் ஆண்டு ஹேய்ஸ் என்னும் ஊரில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் ஆசிரியரானார். சிறுவர்களை வெளியே அழைத்துச் சென்று இயற்கையைக் காட்டினார். அவர்கள் நடிப்பதற்கென்றே இரண்டாம் சார்லஸ் மன்னரைப் பற்றி ஒரு நாடகமும் எழுதித் தந்தார். ஜார்ஜ் ஆர்வெல் என்னும் பெயரை அவர் பூண்டதும் இக்காலத்தில்தான். 1933இன் இறுதியில் நுரையீரல் அழற்சி நோய் கண்டதால் ஆசிரியப் பணி முடிவுற்றது.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1937 மே மாதம் கழுத்தில் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்ததைப் பலரும் அறிவர். நம் நோக்கிற்கு அதனினும் முக்கியமானது, 1941 முதல் 1943 வரை பி.பி.சி. வானொலியின் கீழ்த்திசைப் பிரிவில் அவர் ஆற்றிய பணி. இந்தியப் பல்கலைக்கழக மாணவர்க்கான இலக்கிய உரைகளை அவர் ஏற்பாடு செய்தார். 1942இல் 'வாய்ஸ்' என்னும் நிகழ்ச்சியில் கவிஞர்களும் திறனாய்வாளர்களும் ஓர் அறையில் கூடிக் கவிதை படித்து உரையாடுவது போல ஒலிபரப்பினார். முல்க் ராஜ் ஆனந்தும் அதில் பங்கேற்றார். ஆயினும் அவ்வுரையாடல் முன்கூட்டியே எழுதப்பட்டுத் தணிக்கைக்கு உட்பட்டது! பேச்சின் வடிவம் இருந்தது. பேச்சின் உரிமை இல்லை. இவ்வனுபவம் '1984' புதினத்தில் நிழலாடுவதாக ஆய்வாளர் கூறுவர்.

அப்புதினத்திலும் ஓர் ஆசிரியர் வருகிறார். வின்ஸ்டனைச் சித்திரவதை செய்யும் ஓபிரையன், அறிவுள்ள மாணவனை வினவும் பள்ளி ஆசிரியரின் தோரணையிலேயே பேசுகிறான். நான்கு விரல்களைக் காட்டி ஐந்து என்னும் விடையை வேண்டுகிறான். ஓர் ஆசிரியன், ஒரு மாணவன், ஒரே விடை. இத்தகைய நூலுக்குக் கையேட்டுக் குறிப்பை எழுதச்செய்து, அதையே விடைத்தாளில் எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தாத செயல்! பொதுவுடைமையைச் சாடும் நூல் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் அத்தகையதே. தம்மை இறுதிவரை சோசலிஸ்டாகவே கருதியவர் ஆர்வெல்.

மாணவர்களை ஐவர் ஐவராக அமர்த்துவது தக்கது. ஒரு குழுவிற்கு, மதுக்கடைக் கிழவரிடம் வின்ஸ்டன் பழங்காலத்தைப் பற்றி வினவித் தோற்கும் காட்சி. மற்றொரு குழுவிற்கு, தந்தையைக் காட்டிக்கொடுக்கும் ஏழு வயதுச் சிறுமி. இக்காட்சியில் பதின்பருவத்தார் வாளாவிருக்கமாட்டார்; அவள் குற்றவாளியா, பலியா என்னும் வாதம் தானே எழும். இன்னொரு குழுவிற்குச் சொற்களைக் குறைக்கும் 'நியூஸ்பீக்' மொழி. தமிழில் தீமை, கேடு, கொடுமை, அநீதி என்பனவற்றை எல்லாம் நீக்கி, நன்மையின்மை என்னும் ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்து, தமக்கு நேர்ந்த ஓர் அநீதியை அதனால் முறையிடச் சொல்லலாம். எழுதத் தொடங்கிய சிறிது நேரத்தில் எழுதுகோல் நின்றுவிடும்.

ஆனால் கூட்டமாகப் பேசுவது எல்லாம் கலந்துரையாடல் ஆகிவிடாது. இருநிமிட வெறுப்புக் காட்சியில் கூட்டத்தோடு சேர்ந்து வின்ஸ்டனும்தான் கத்துகிறான். உரத்த குரலினர் ஒருவர் குழுவை இழுத்துச் செல்வதை நாம் வகுப்புகளில் காண்கிறோம். ஆகவே பேசுமுன் ஒவ்வொருவரும் தனித்திருந்து, வின்ஸ்டன் தன் நாட்குறிப்பில் எழுதியது போல, சில வரிகள் எழுதிக்கொள்வது நலம். ஆசிரியர் அப்போது வாய்மூடி இருத்தல் வேண்டும். விரிவுரை ஆற்றுவதைக் காட்டிலும் இது கடினம் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

மனைவி ஐலீனை 1945இல் இழந்த ஆர்வெல், தத்தெடுத்த குழந்தையுடன் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் தங்கி, காசநோயுடன் போராடியவாறே இந்நூலை எழுதி முடித்தார். அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று, நூலின் பின்னிணைப்பையும் உள்ளே வரும் நீண்ட பகுதி ஒன்றையும் நீக்கினால் ஏற்பதாகக் கூறியது. பெருந்தொகை கைநழுவக்கூடும் என்று தெரிந்தும் அவர் மறுத்தார்; கழகம் பின்னர் நூலை முழுமையாகவே ஏற்றது. 1949 ஜூன் 8ஆம் நாள் நூல் வெளிவந்தது. 1950 ஜனவரி 21இல், 46ஆம் வயதில், லண்டன் மருத்துவமனையில் அவர் காலமானார்.

அவர் நீக்க மறுத்த பின்னிணைப்பு, 'நியூஸ்பீக்' மொழியை இறந்தகாலத்தில் விவரிக்கிறது. அந்தக் கொடுங்கோல் ஆட்சி என்றோ ஒழிந்துபோயிற்று என்பதற்கு இது சான்று என்பர் ஒரு சாரார். அது வெறும் நடை மரபே என்பர் மறுசாரார். இக்கேள்வியை வகுப்பின் இறுதி மணி நேரத்திற்கென வைத்திருப்பது நன்று. இரு கட்சியினரும் நூலைப் புரட்டிக்கொண்டே வகுப்பறையைவிட்டு வெளியேறுவர்.