மலையின் மறைபொருள் கண்ட பள்ளி ஆசிரியர்

ஸ்கொத்லாந்தின் தென்பகுதியிலே கலாஷீல்ஸ் என்னும் நெசவாலை ஊர் ஒன்றுண்டு. 1864ஆம் ஆண்டிலே அவ்வூர்ப் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். அவரே சாள்ஸ் லப்வேர்த். 1842இல் பிறந்த அவர் புவிச்சரிதவியலை முறையாகக் கற்றவரல்லர். ஓய்வு நாள்களிலே குன்றுகளில் அலைந்து, மாக்கல்லிற் பதிந்த கிரப்தோலைற்று என்னும் நுண்ணிய உயிர்ச்சுவடுகளைப் படைபடையாகத் தேடிப் பயின்றார். 1875இல் சென்ற் அன்றூஸ் நகரின் மதராஸ் கல்லூரிக்கு மாறினார். பெயர் கேட்டு நம்மவர் வியக்கலாம்: சென்னையிலே, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குப் போதிக்கும் முறையை வகுத்த அன்றூ பெல்லின் பொருளால் எழுந்த பள்ளி அது. 1881இல் பேர்மிங்காமிலே பேராசிரியரானார்.

அடுத்த ஆண்டு ஸ்கொத்லாந்தின் வடமேற்கு மேட்டுநிலத்திற்குச் சென்றார். டேர்னஸ், எரிபோல் பகுதிகளிலே அடியில் உயிர்ச்சுவடு தாங்கிய சுண்ணாம்புக்கல். அதன்மேல், வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறித் தகடுதகடாய்ப் பிளக்கும் பாறை. மேற்படை இளையது என்பது பொதுவிதி. ஆதலால் அவ்வுருமாறிய பாறையும் பின்னர் படிந்ததே என்றார் மேர்ச்சிசன். அங்ஙனமாயின், மேலுள்ளதை உருமாற்றிய வெப்பம் கீழுள்ள சுவடுகளை அழியாது விட்டதெவ்வாறு? இதனை மறுத்த அபடீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கலின் குரல் எடுபடவில்லை. மேர்ச்சிசனின் வழிநின்ற ஆர்ச்சிபால்ட் கீக்கி அரசாங்க அளவைப்பகுதியின் தலைவராகவும் விளங்கினார்.

லப்வேர்த் வாதத்தில் இறங்கவில்லை, நடந்தார். ஒவ்வொரு படையையும் அடிக்கு அடி வரைபடத்திற் குறித்தார். ஒரே படைகள் மடிந்தும் தலைகீழாகியும் மீண்டும் மீண்டும் வந்தன. மூத்த பாறைத்திணிவு கிழக்கிலிருந்து தள்ளப்பட்டு இளைய படைகளின்மீது ஏறியிருந்தது! அது நகர்ந்த தளத்திலே பாறை மாவாக அரைபட்டு இறுகியிருந்தது. ஆலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அதற்கு 1885இல் மைலோனைற்று எனப் பெயரிட்டார். கண்டங்கள் மோதியதால் ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த நகர்வு அது என்பது இன்றைய கணிப்பு.

அவ்வுழைப்பு அவர் உடலையும் உள்ளத்தையும் வருத்தியது. 1883இல் நோயுற்று வீழ்ந்தார். இரவிலே, அந்த மாபெரும் பாறைத்திணிவு தம் படுக்கைமேல் அரைத்து ஊர்வதாகவே உணர்ந்தாராம். ஆய்வைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. நலம்பெற்றபின் 1920இல் மறையும்வரை பல சிறப்புகள் அவரை அடைந்தன. ஆயினும் மேட்டுநில வரைபடத்தை நிறைவாக்கியவர்கள் கீக்கி அனுப்பிய பீச்சும் ஹோணுமே. அவர்களும் லப்வேர்த் கண்ட முடிவையே கண்டனர். கீக்கி நேரிற் சென்று பார்த்தார். 1884இல் தமது பழைய கொள்கையை வெளிப்படையாகவே கைவிட்டார். பெருமைக்குரிய செயல்தான். ஆனால் நிக்கல் இறந்து அப்போது ஐந்தாண்டுகளாகிவிட்டன.