பனி மேடையின் ராணி



குன்னத்தூர் பக்கம் பனியன் என்றால் தெரியாத பிள்ளைகள் உண்டா? ஆனால் பனி? மார்கழி மாதக் காலையில் புல் நுனியில் உட்கார்ந்திருக்கும் பனித்துளியைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். குளமே உறைந்து கல்லாகி, அதன் மேல் மனிதர்கள் ஓடியாடுவதை நம் ஊரில் யாரும் கண்டதில்லை. அப்படிப்பட்ட பனியின் மேல் ஆடியே உலகப் புகழ் பெற்ற ஒருவரின் கதைதான் இது. அவர் பெயர் சோன்யா ஹெனி.

கதைக்குப் போகும் முன் ஒரு கேள்வி. ஓட்டப் பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்று கடிகாரம் சொல்லிவிடும். நீளம் தாண்டுதலில் டேப் சொல்லிவிடும். நடனப் போட்டியில் எது சொல்லும்? நடுவரின் கண்தான் சொல்ல வேண்டும். பனிக்கட்டியின் மேல் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இந்த இரண்டும் கலந்திருக்கும். எவ்வளவு உயரம் தாவினார், எத்தனை சுற்று சுற்றினார் என்று கணக்குப் பார்க்கலாம். எவ்வளவு அழகாக ஆடினார் என்பதை அளக்க டேப் கிடையாது. இந்தச் சிக்கல் சோன்யாவின் வாழ்க்கையில் எப்படி வந்து நின்றது தெரியுமா?

துணிக்கடைக்காரர் மகள்

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. அப்போது அதற்குக் கிறிஸ்டியானியா என்று பெயர். அங்கே 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி சோன்யா பிறந்தாள். நம் ஊர்க்காரர்கள் பலரைப் போல அவளுடைய அப்பா வில்ஹெல்மும் ஆடை வியாபாரிதான். ஆனால் அவர் விற்றது பனியன் அல்ல. கடுங்குளிரில் அணியும் ரோமத் தோல் ஆடைகள். வாலிப வயதில் அவர் சைக்கிள் பந்தய வீரர். 1894-ஆம் ஆண்டிலேயே உலகப் பட்டம் வென்றவர்!

அண்ணன் லைஃப் பனியில் சறுக்குவதைப் பார்த்து, ஏறக்குறைய ஆறு வயதில் சோன்யாவும் ஸ்கேட்டிங் காலணியை மாட்டினாள். அந்தக் காலணிக்கு அடியில் மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். அதன் இரண்டு விளிம்புகளில் ஒன்றில் உடல் எடை முழுவதையும் நிறுத்திச் சறுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் தொபுக்கடீர்தான். சோன்யா விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் சறுக்கினாள். பத்து வயதிலேயே நார்வே நாட்டுப் பட்டத்தை வென்றுவிட்டாள்.

எட்டுப் பேரில் எட்டாவது

1924-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ஷாமொனீ நகரில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எட்டுப் பேர் கலந்துகொண்டனர். அவர்களில் ஒருத்தி 11 வயது சோன்யா. ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்து என்ன செய்வது என்று கேட்க, மைதான ஓரத்தில் நின்ற பயிற்சியாளரிடம் போய்விட்டாள்! அவளுக்குக் கிடைத்தது எட்டாவது இடம். கடைசி இடம்.

அன்று தங்கம் வென்றவர் ஆஸ்திரியா நாட்டின் ஹெர்மா சாபோ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

அந்தக் காலத்தில் நடுவர்கள் எப்படி மதிப்பெண் போட்டார்கள் தெரியுமா? போட்டி இரண்டு பகுதி. முதல் பகுதியில் காலணித் தகட்டால் பனியின் மேல் எட்டு போன்ற வடிவங்களை வரைய வேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று, கோடு பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோலப் போட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நூற்றுக்கு 60 பங்கு மதிப்பு இதற்குத்தான். இசைக்கு ஏற்றபடி ஆடும் இரண்டாவது பகுதிக்கு மீதி 40. ஆட்டத்தில் என்ன செய்தார் என்பதற்கு ஒரு மதிப்பெண், எப்படிச் செய்தார் என்பதற்கு இன்னொன்று. முழு மதிப்பெண் 6.

பாவாடையும் தாவலும்

அப்போது பெண்கள் நீளப் பாவாடை அணிந்து அடக்கமாகச் சறுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். 1920-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் தெரசா வெல்டு என்ற பெண் துணிந்து தாவினார். பெண்ணுக்கு இது அழகல்ல என்று நடுவர்கள் அவரைக் கண்டித்தார்கள். ஆண் தாவினால் திறமை, பெண் தாவினால் குற்றம்! அளவுகோலே கோணலாக இருந்தால் அளப்பது எப்படி நேராக இருக்கும், சொல்லுங்கள்?

சிறுமியான சோன்யாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. சின்னப் பெண் என்பதால் குட்டைப் பாவாடை அணிந்தாள். கால்கள் தடையில்லாமல் அசைந்தன. அவளுடைய நாட்டுக்காரர் ஆக்சல் பால்சன் 1882-ஆம் ஆண்டு ஒரு தாவலைக் கண்டுபிடித்திருந்தார். மற்றத் தாவல்களில் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே கிளம்புவார்கள். ஆக்சல் தாவலில் மட்டும் முன்னோக்கிப் பாய்ந்து, காற்றில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். கடினமான அந்தத் தாவலையும் சோன்யா பழகிக்கொண்டாள்.

தாவினால் மட்டும் போதுமா? ரஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் ஆட்டம் அவளை மிகவும் கவர்ந்தது. சோன்யாவும் பாலே கற்றாள். கை, கழுத்து, விரல் எல்லாம் இசையோடு சேர்ந்து அசைய வேண்டும் என்று பாடுபட்டாள். ஒரு தாவல், பிறகு சும்மா ஒரு சறுக்கல் என்று துண்டு துண்டாக இருந்த ஆட்டம் அவளிடம் முழு நடனமாக மாறியது. குட்டைப் பாவாடையும் வெள்ளைக் காலணியும் பிறகு எல்லா நாட்டுப் பெண்களுக்கும் பழக்கமாகிவிட்டன.

மூன்றுக்கு இரண்டு

1926-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் சோன்யாவுக்கு இரண்டாம் இடம். முதலிடம் மீண்டும் ஹெர்மா சாபோவுக்கு. அது அவருக்குத் தொடர்ந்து ஐந்தாவது உலகப் பட்டம்.

மறு ஆண்டு போட்டி சோன்யாவின் சொந்த ஊரான ஆஸ்லோவிலேயே நடந்தது. மொத்தம் ஐந்து நடுவர்கள். அவர்களில் மூன்று பேர் நார்வேக்காரர்கள், ஒருவர் ஆஸ்திரியர், ஒருவர் ஜெர்மானியர். முடிவு என்ன ஆனது என்று ஊகிக்க முடிகிறதா? நார்வே நடுவர்கள் மூவரும் சோன்யாவுக்கு முதலிடம் கொடுத்தார்கள். மற்ற இருவரும் ஹெர்மாவுக்குக் கொடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சோன்யா உலக சாம்பியன்! வயது 14.

ஊர் கொண்டாடியது. ஆனால் வெளிநாடுகளில் பெரிய சர்ச்சை எழுந்தது. ஹெர்மா மனம் கசந்து போனார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கிற்கு அவர் வரவே இல்லை.

நம் ஊர்ப் பனியன் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். கம்பெனி ஆட்களே செக்கிங் செய்து சரக்கு சரியாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதுமா? வாங்குபவரின் ஆளும் வந்து பார்ப்பார் இல்லையா? கம்பெனி ஆட்கள் பொய் சொல்வார்கள் என்பதற்காக அல்ல. தன் பிள்ளை தனக்கு எப்போதும் அழகாகத்தான் தெரியும் என்பதற்காக!

உலக ஸ்கேட்டிங் சங்கத்துக்கும் இது புரிந்தது. இனி ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரு நடுவர்தான் என்று விதியை மாற்றியது.

அன்று உண்மையில் யார் நன்றாக ஆடினார்? இருவருமே சிறந்த வீராங்கனைகள். ஆனால் தவறான ஏற்பாட்டால், தோற்றவருக்கு மட்டுமல்ல, வென்ற சோன்யாவுக்கும் நஷ்டம்தான். அவள் பட்டத்தின் மேல் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

சந்தேகம் தீர்த்த ஆட்டம்

அந்தச் சந்தேகத்தை எப்படிப் போக்குவது? மறுபடியும் மறுபடியும் ஆடித்தான்.

1928-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் ஒலிம்பிக். இப்போது ஏழு நடுவர்கள். அவர்களில் ஆறு பேர் சோன்யாவுக்கே முதலிடம் கொடுத்தார்கள். 15 வயதில் ஒலிம்பிக் தங்கம்! பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இவ்வளவு சிறிய வயதில் தங்கம் வென்ற அந்தச் சாதனை 70 ஆண்டுகள் நிலைத்தது. 1998-இல்தான் அமெரிக்காவின் தாரா லிபின்ஸ்கி அதை முறியடித்தார்.

1932-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ஏழு நடுவர்களும் ஒருமனதாகச் சோன்யாவையே தேர்ந்தெடுத்தார்கள். 1936-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மூன்றாவது தங்கம். 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள். ஒற்றையர் பிரிவில் வேறு எந்தப் பெண்ணும் இன்றுவரை இந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

பிறகு சோன்யா போட்டிகளை விட்டு அமெரிக்கா சென்று ஹாலிவுட் நடிகையானார். அவருடைய படங்களையும் ஐஸ் நடனக் காட்சிகளையும் பார்த்து எத்தனையோ சிறுமிகளுக்கு ஸ்கேட்டிங் ஆசை பிறந்தது.

ஆனால் குட்டி நண்பர்களே, பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் நல்லதை மட்டும் சொல்லி, மற்றதை மறைக்கக் கூடாது. 1936-இல் பெர்லின் நகரில் நடந்த ஒரு ஆட்டத்தில், கொடுங்கோலன் ஹிட்லருக்குச் சோன்யா நாஜி முறையில் கை உயர்த்தி வணக்கம் செலுத்தினார். நார்வே மக்கள் கொதித்துப் போனார்கள். 1940-இல் ஹிட்லரின் படை நார்வேயையே பிடித்துக்கொண்டபோது அந்தக் காயம் இன்னும் ஆழமானது. பனி மேடையில் முதலிடம் கொடுத்த சொந்த நாட்டு மக்களே, இந்தச் செயலுக்கு அவரிடம் கணக்குக் கேட்டார்கள்.

பிற்காலத்தில் சோன்யாவும், கப்பல் முதலாளியான கணவர் நீல்ஸ் ஒன்ஸ்டாடும் சேகரித்த ஓவியங்களை மக்களுக்கே கொடுத்தார்கள். அதற்காக ஆஸ்லோ அருகே 1968-இல் கட்டப்பட்ட கலைக்கூடத்தில் இன்றும் அவர் வென்ற பதக்கங்களைக் காணலாம். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி, ரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த சோன்யா, பாரிஸிலிருந்து ஆஸ்லோவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்திலேயே காலமானார். வயது 57.

இன்று எப்படி?

பனியில் எட்டு வரையும் பகுதி 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளில் இல்லை. 6 மதிப்பெண் முறையும் 2004-க்குப் பிறகு போய்விட்டது. இப்போது ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு விலை உண்டு. எந்தத் தாவல், எத்தனை சுற்று என்று ஒரு குழு வீடியோவைப் பார்த்து முடிவு செய்யும். அந்தத் தாவல் எவ்வளவு உயரமாக, நீளமாக, சிரமம் தெரியாமல் இருந்தது என்பதைப் பார்த்து நடுவர்கள் கூட்டியோ குறைத்தோ போடுவார்கள். ஆட்டத்தின் அழகுக்குத் தனி மதிப்பெண். பெரிய போட்டிகளில் ஒன்பது நடுவர்கள். ஒவ்வொன்றிலும் மிக அதிகமான மதிப்பெண்ணையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு, மீதிக்குச் சராசரி எடுப்பார்கள். ஒருவர் வேண்டுமென்றே அள்ளிக் கொடுத்தாலும், வேண்டுமென்றே கிள்ளிக் கொடுத்தாலும் அது பலிக்காது.

ஆக, அளக்க முடிந்ததை அளந்துவிடு. அளக்க முடியாததைப் பல பேர் கண்ணால் பார். இதுதான் அந்தப் பாடம்.

உங்கள் வகுப்பில் நீங்களும் ஒருநாள் நடுவராக உட்கார நேரிடும். கோலமோ, பேச்சோ, நடனமோ, எதுவாகவும் இருக்கலாம். உங்கள் உயிர்த் தோழியும் போட்டியில் இருப்பாள். அப்போது என்ன செய்வீர்கள்? முடிந்தால் வேறொருவரை அந்த இடத்தில் உட்கார வையுங்கள். அவள் வென்றால், அந்த வெற்றி அவளுடையதாகவே இருக்கட்டும்!