அந்தி அலைவரிசையும் கவிமணியும்

நாஞ்சில் நாட்டிற்கு வானொலி வந்த முதல் ஆண்டுகளில் அஃது அந்திக்குப் பின் கேட்கும் கருவியாகவே இருந்தது. 1938 ஜூன் 16 அன்று சென்னையிலும், 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. இரண்டும் பிரிட்டிஷ் இந்திய எல்லைக்குள் அமைந்தவை. நாஞ்சில் நாடோ அப்போது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிப் பகுதி. திருச்சியிலிருந்து புறப்பட்ட மத்திய அலை பகற்பொழுதில் இத்துணைத் தொலைவு வருவதற்குள் தேய்ந்துவிடும். கதிரவன் மறைந்தபின் வான்மண்டலத்தின் மேலடுக்கு அவ்வலையைத் திருப்பி அனுப்பும். ஆதலின் இருட்டத் தொடங்கிய பிறகே தமிழ் இங்கே தெளிவாகக் கேட்டது.

அக்காலத்தில் தேசிக விநாயகம் பிள்ளை நாகர்கோவிலை அடுத்த புத்தேரியில், தம் துணைவியார் உமையம்மை பிறந்த ஊரில், ஓய்வு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தார். அகவை அறுபதைக் கடந்திருந்தது. அவருடைய கவிதைகளின் பெருந்தொகுப்பான ‘மலரும் மாலையும்’ சென்னை நிலையம் ஒலிக்கத் தொடங்கிய அதே 1938ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. தற்செயலான பொருத்தம்தான். ஆயினும் செவிக்கென்றே எழுதிய ஒரு கவிஞரும் செவிக்கென்றே பிறந்த ஒரு கருவியும் ஒரே ஆண்டில் தமிழ் மக்கள் முன் வந்து நின்றது எண்ணி மகிழத்தக்கது.

1876 ஜூலை 27 அன்று தேரூரில் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் அவர். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். ஊர்ப் பள்ளியில் அவர் கற்ற மொழி மலையாளம்! வீட்டிலும் தெருவிலும் தமிழ். பள்ளிப் பலகையில் மலையாளம். திருவாவடுதுறை மடத்தைச் சார்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் பயின்ற பின்னரே இலக்கண இலக்கியத் தமிழ் அவருக்கு வாய்த்தது. பள்ளி தராத மொழியைக் கேட்டுக் கேட்டுப் பெற்றவர் என்பதை மறந்துவிட்டு அவருடைய எளிமையைப் பேசுதல் பொருந்தாது. பின்னர்க் கோட்டாற்றிலும், நாகர்கோவிலிலும், திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணி. 1931இல் ஓய்வு. மக்கட்பேறு வாய்க்காத அவரே தமிழ்க் குழந்தைகளுக்குப் பாட்டளித்த முன்னோடியருள் ஒருவராயினார்.

அவருடைய செவியின் கூர்மைக்கு ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ ஒன்றே போதிய சான்று. தந்தையின் சொத்து மக்களுக்குச் செல்லாமல் மருமக்களுக்குச் சென்ற வழக்கத்தால் நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்கள் நலிந்த கதையை, ஒருவனுக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணொருத்தியின் வாய்மொழியாக அவர் பாடினார். இதழில் தொடராக வந்த அப்பாடல் சட்டசபைகளில் எழுந்த வாதங்களைவிட ஆழமாக வீடுகளுக்குள் சென்றது. 1926இல் மருமக்கள் வழி சட்டத்தால் நீங்கியது. நூலை வாய்விட்டுப் படிப்பவர்க்கு அடுக்களைப் புலம்பலும், காரணவரின் அதட்டலும், வழக்குமன்றப் படிக்கட்டின் சலசலப்பும் தனித்தனியே கேட்கும். கண்ணால் மட்டும் படிப்பவர்க்கு அதில் பாதியே கிட்டும்.

இனி அந்த மாலை நேரத்தைச் சற்று நோக்கலாம். வானொலிப் பெட்டி இருந்த வீடு ஊருக்கு ஒன்றிரண்டே. உரிமம் பெற வேண்டும். கூரைக்கும் தென்னைக்கும் இடையே ஏரியல் கம்பி கட்ட வேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் பேட்டரி வைக்க வேண்டும். திருகைத் திருப்பியதும் ஒலி வந்துவிடாது. வால்வுகள் சூடேற வேண்டும். திண்ணையிலும் முற்றத்திலும் அமர்ந்தவர்கள் அதுவரை பேசிக்கொண்டிருப்பார்கள். போர் நடந்த ஆண்டுகளில் முதலில் கேட்டது செய்தியே. இலண்டன் பி.பி.சி. 1941 மே மாதம் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அக்கரையில் உறவினரை உடையவர்கள் அச்செய்திகளை எவ்வாறு கேட்டிருப்பர் என்பதை விரிக்க வேண்டுவதில்லை. செய்திக்குப் பின்னர் இசை.

அவ்விசை ஒரே சீராக வருவதில்லை. வான்மண்டலத்திலிருந்து திரும்பும் அலைக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. பாட்டின் ஓரடி முழங்கும். அடுத்த அடி கரகரப்பில் அமிழும். மூன்றாம் அடி மீண்டும் மேலெழும். அமிழ்ந்த அடியைக் கேட்போர் தம் உள்ளத்தால் நிரப்பிக்கொள்வர். எதுகையும் சந்தமும் செம்மையாக அமைந்த தமிழ்ப் பாட்டாயின் அஃது எளிது. பொருள் விளங்காத மொழியில் அமைந்த கீர்த்தனையாயின் இயலாது. தமிழிசை இயக்கத்தின் நியாயத்தை இதைவிடத் தெளிவாக எந்த மேடையும் உணர்த்தியிராது என்றே தோன்றுகிறது.

1941இல் அண்ணாமலை அரசரின் முயற்சியால் தொடங்கிய அவ்வியக்கம், கச்சேரி மேடைகளிலும் வானொலியிலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டுமெனக் கேட்டது. கல்கியும் டி.கே.சி.யும் அதன் பக்கம் நின்றனர். இருவரும் கவிமணியின் கவிதையில் தோய்ந்தவர்கள். கவிதையை உரக்கப் படித்துக் கேட்டே தரம் காண வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய டி.கே.சி., அந்த உரைகல்லில் தேறியவராகவே கவிமணியைத் தமிழுலகிற்குக் காட்டினார். அதே 1941இல் ‘ஆசிய ஜோதி’ வெளிவந்தது. எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவிய அந்நூலில், இறந்த குழந்தையை ஏந்தி வரும் கோதமியின் பகுதியை ஒருவர் படிக்க மற்றவர் கேட்க வேண்டும். அருஞ்சொல் ஒன்றுகூடக் குறுக்கே நிற்பதில்லை. கவிமணியைக் ‘குழந்தைக் கவிஞர்’ என்று சொல்லி ஒதுக்கும் திறனாய்வாளர், எளிய சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்குக் கொடுக்க வேண்டிய உழைப்பை அறியாதவர்கள்.

1943ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு நிகழ்ச்சிகளை எதிரெதிரே நிறுத்துகிறது. அவ்வாண்டு மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. அது நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவு, பகலிலும் கேட்கும். ஆனால் அதன் முதன்மை மொழி மலையாளம். அதே ஆண்டில் ஆத்தங்குடியில் அண்ணாமலை அரசர் கவிமணிக்குப் பொன்னாடை போர்த்தினார். ‘கவிமணி’ என்னும் பட்டமும் 1940 டிசம்பரில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நிகழ்ந்த தமிழ் மாநாட்டில் அளிக்கப்பெற்றதே. அரசு ஒரு திசையிலும் மொழி மற்றொரு திசையிலுமாக இருந்த நாட்டின் கவிஞர் அவர். மலையாளத்தின்பால் அவருக்குப் பகைமை இல்லை. கற்றதும் கற்பித்ததும் அந்நாட்டிலேதான். எனினும் அருகிலிருந்த ஒலியை விட்டு, இருள் சூழும்வரை காத்திருந்து, தொலைவிலிருந்த ஒலியைத் தேடிய மக்களின் நெஞ்சம் எப்பக்கம் இருந்தது என்பது வெளிப்படை. நிலப்படம் மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே செவிகள் இணைந்துவிட்டிருந்தன.

நிலப்படம் மாறுவதற்கு உயிர்கள் தேவைப்பட்டன. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அதற்கு ஏழாவது வாரத்தில், செப்டம்பர் 26 அன்று, கவிமணி மறைந்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் டி.கே.சி. முன்னரே சென்றுவிட்டார், டிசம்பரில் கல்கியும் சென்றார். தமிழ்ப் பாட்டைக் கேட்கத் தெரிந்த மூவரை ஒரே ஆண்டு கொண்டுபோயிற்று. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்ததை அவர்களுள் ஒருவரும் காணவில்லை.

1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. புத்தேரியில் அதனைக் கேட்கத் தென்னையில் கம்பி கட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தி சாயும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை.