அருளானந்தரும் அவரை ஈன்ற அன்னையும்

யூபிலி ஆண்டு நன்றி செலுத்தும் ஆண்டு. கோவில் கட்டியவர்களுக்கு நன்றி சொல்கிறோம். மணியும் பீடமும் சுரூபமும் தந்த உபகாரிகளின் பெயர்களைக் கல்லில் பொறிக்கிறோம். ஆனால் பிள்ளையை இடுப்பில் சுமந்து கோவிலுக்கு வந்து, அதன் பிஞ்சு விரல்களைப் பிடித்து நெற்றியில் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுத்த தாய்மாரின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் ஏறுவதில்லை. அவர்களைப் போற்றும் பொருட்டே இந்த மலரில் ஒரு தாயையும் மகனையும் பற்றி எழுதுகிறோம். மகன், ஓரியூர்ச் செம்மணலில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர். அவருடைய திருநாளை ஆண்டுதோறும் பிப்ரவரி 4ஆம் நாள் கொண்டாடுகிறோம். அந்த வீர மரணத்துக்குப் பின்னால் ஒரு தாயின் கண்ணீரும் உண்டு என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

தாயின் நேர்ச்சை

ஜான் தெ பிரிட்டோ 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ பெரைரா. தாய் பெயாட்ரிஸ் பெரைரா. இருவரும் உயர்குடியினர். தந்தை பிரேசில் நாட்டில் ரியோ தெ ஜனைரோவின் ஆளுநராக அனுப்பப்பட்டு, 1651இல் அங்கேயே காலமானார். அப்போது நம் புனிதருக்கு வயது நான்கு. தந்தையின் முகம் அவர் நினைவில் எவ்வளவு தங்கியிருக்கும்? வளர்த்து ஆளாக்கியது முழுவதும் கைம்பெண்ணான அந்தத் தாயே.

சிறுவன் ஜான் அரண்மனையில் சேர்க்கப்பட்டு, இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தான். பதினோராவது வயதளவில் கடும் நோய் கண்டு சாகும் நிலைக்கு வந்தான். மருத்துவர்கள் கைவிட்ட நிலையில் தாய் புனித சவேரியாரை நோக்கி மன்றாடினார். மகன் பிழைத்தால் சவேரியாரின் சேசு சபை அங்கியை ஓராண்டுக் காலம் அவனுக்கு அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். பட்டும் பொன்னும் மின்னிய அரண்மனையில் அந்தச் சிறுவன் ஓராண்டு கறுப்பு அங்கியோடு நடமாடினான். பலர் வேடிக்கையாகப் பார்த்தனர்.

பிள்ளைக்கு நோய் கண்டால் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் நம் தாய்மாருக்கு இந்நிகழ்ச்சி அந்நியமானதன்று. மொட்டையோ மெழுகுதிரியோ காணிக்கையோ, நேர்ந்ததைச் செலுத்தியதும் கடன் தீர்ந்தது என்று மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். பெயாட்ரிஸ் அம்மையாரும் ஓராண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டார். ஆனால் மகனின் உள்ளத்திலிருந்து அது கழலவில்லை. 1662 டிசம்பர் 17ஆம் நாள், பதினைந்து வயதில், அவர் சேசு சபையின் நவசந்நியாசத்தில் சேர்ந்தார்.

பிரிவின் போராட்டம்

மகன் குருவாவதைத் தாய் ஏற்றுக்கொண்டார். குருவானாலும் லிஸ்பனிலேயோ அருகிலோ இருப்பான்; திருநாளில் அவன் பூசையைக் காணலாம். மகனோ கீழ்த்திசைக்குத் தம்மை அனுப்புமாறு 1668ஆம் ஆண்டிலேயே சபைத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதிவிட்டார். 1673 தொடக்கத்தில் குருப்பட்டம் பெற்றதும் இந்தியாவுக்குப் புறப்படும்படி கட்டளை வந்தது.

அந்தக் காலத்தில் இந்தியப் பயணம் என்பது ஏறத்தாழ இறுதி விடைபெறுதலே. தாய் துடித்துப் போனார். பாப்பரசரின் தூதர் வரை சென்று, மகனைத் தடுத்து நிறுத்துமாறு முறையிட்டார். மகனோ, தம்மை உலகத்திலிருந்து சபைக்கு அழைத்த அதே இறைவன்தான் இப்போது நாட்டிலிருந்து இந்தியாவுக்கு அழைக்கிறார் என்பதில் உறுதியாக நின்றார். 1673 மார்ச் மாதம் கப்பலேறினார்.

இந்தத் தாயைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. கணவனைக் கடல் கடந்த நாட்டில் பறிகொடுத்தவர் மகனையும் கடலுக்குக் கொடுக்க அஞ்சியது இயல்பு. விசுவாசம் தாய்ப்பாசத்தை அழிப்பதில்லை. அந்தப் பாசத்தைப் புடமிடுகிறது. புடமிடும்போது சுடத்தான் செய்யும்.

இளம் வேதபோதகரின் அன்றாட வாழ்வு

கப்பலில் கொள்ளைக் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். இளம் குரு நோயாளிகளிடையே பணிவிடை செய்தார். ஐந்து மாதங்களுக்குப் பின், செப்டம்பர் 4ஆம் நாள், கப்பல் கோவாவை அடைந்தது. தம் தாய் யாரை நோக்கி மன்றாடினாரோ அந்தச் சவேரியாரின் திருவுடல் இருப்பதும் அங்கேதான்.

1674இல் அவர் கேரளத்திலுள்ள அம்பழக்காட்டுக்கு வந்து, அங்கிருந்து மலைகளைக் கடந்து தமிழகம் சேர்ந்தார். அம்பழக்காடு இன்றைய திருச்சூர் மாவட்டத்தில், நம் பொள்ளாச்சிக்கு மேற்கே மலைக்கு அப்பால் உள்ள ஊர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த நமக்கு அந்தத் தொலைவு பேருந்துப் பயணமாகத் தெரிகிறது. அவருக்கோ காடும் கல்லும் முள்ளும் நிறைந்த கால்நடைப் பயணம். அவர் வந்து சேர்ந்த மதுரை மறைப்பணித் தளம் பரந்து விரிந்தது. நம் கொங்கு நாட்டுச் சத்தியமங்கலமும் அக்காலத்தில் அதைச் சேர்ந்த இடமே.

இங்கே அவர் பண்டார சுவாமியானார். சாதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அந்நாளில் பலதரப்பட்ட மக்களிடமும் சென்று பழக ஏற்றதாக, பல்தசார் தா கோஸ்தா அடிகள் 1640இல் தொடங்கி வைத்த வாழ்க்கை முறை அது. காவி அங்கி, தலைப்பாகை, கையில் ஒரு கோல், இதுவே கோலம். இறைச்சி, மீன், மது எதுவும் இல்லை. சோறும் காய்கறியும் பாலும், அதுவும் நாளுக்கு ஒரு வேளை. படுக்கை வெறுந்தரை, வீடு மண்சுவர்க் கூரைக் குடிசை. அரண்மனைப் பந்தியில் உண்டு வளர்ந்தவர் இப்படி வாழ்ந்தார். பெயரும் தமிழாயிற்று: அருளானந்தர்.

நாட்டிலோ அமைதி இல்லை. தஞ்சை மராட்டியர் கைக்கு மாறியது. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். படைகள் போகும் வழியெல்லாம் பஞ்சம் தொடர்ந்தது. அருளானந்தர் ஓரிடத்தில் நிலைத்திருக்க முடியாமல் ஊர் ஊராக நடந்தார். உபதேசியார்கள் முன்னே சென்று மக்களைக் கூட்டுவார்கள். ஆபத்து மிகுந்த இடங்களில் இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் பூசை வைத்து, காட்டுக்குள் மறைய வேண்டியிருக்கும். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வது, நோயாளியைச் சந்திப்பது, சண்டையிட்ட குடும்பங்களைச் சமாதானப்படுத்துவது என நாட்கள் கழிந்தன. புனிதரின் புகழ் ஓரியூரில் முடிந்தது. ஆனால் அவரைப் புனிதராக்கிய பள்ளிக்கூடம் எவரும் காணாத இந்த அன்றாட உழைப்பே.

1686இல் மறவர் நாட்டில் நுழைந்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் உபதேசியார்களோடு பிடிபட்டார். சாட்டையடியும் நீரில் அமிழ்த்தலும் சுடுபாறையில் கிடத்தலுமாக வதைக்கப்பட்டார். இறுதியில் கிழவன் சேதுபதி மன்னர் அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து விசாரித்து, இனி அந்நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து உயிரோடு விடுவித்தார்.

மீண்டும் ஒரு பிரிவு

மறைப்பணித் தளத்தின் பிரதிநிதியாக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, 1688இல் லிஸ்பன் வந்து சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தாய் மகனைக் கண்டார். வெயிலில் கறுத்து மெலிந்த மகன் அங்கும் தமிழ்நாட்டுத் துறவியாகவே வாழ்ந்தார். இறைச்சி தொடவில்லை, தரையிலேயே படுத்தார். இளமைத் தோழர் இரண்டாம் பேதுரு இப்போது மன்னர். இவரை நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். தாய்க்கும் அதைவிட வேறு ஆறுதல் என்ன வேண்டும்? ஆயினும் 1690 ஏப்ரலில் அருளானந்தர் மீண்டும் கப்பலேறினார். முதற்பிரிவைவிட இந்தப் பிரிவே கடினமானது என்பது நம் எண்ணம். முதலில் போனவர் இளைஞர். என்ன காத்திருக்கிறது என்று அறியாதவர். இப்போது தாயும் அறிவார், மகனும் அறிவார்.

மறவர் நாட்டில் தடியத்தேவர் என்னும் சிற்றரசர் நோய் நீங்கி விசுவாசம் கொண்டு, 1693 ஜனவரி 6ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். ஒரே மனைவியோடு வாழ உறுதிகொண்டார். ஏனையோரைப் பராமரிக்கவும் உடன்பட்டார். அவர்களில் இளையவரான கடலாயி சேதுபதியின் உறவினர். மன்னரிடம் சென்று முறையிட்டார். தள்ளப்பட்ட அந்தப் பெண்ணின் துயரத்தையும் நாம் இலேசாக எண்ணலாகாது. இரண்டு நாட்களில் அருளானந்தர் கைதானார். ஓரியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கரித்துண்டே எழுதுகோலாகத் தம் சபையினருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4, சாம்பற்புதன் அன்று, பாம்பாற்றங்கரை மணல்மேட்டில் தலை வெட்டுண்டார். அப்போது அவருக்கு வயது 45.

செய்தி லிஸ்பனை எட்டியதும், தாய் துக்க உடை அணியாமல் திருவிழா உடையிலே அரண்மனைக்கு வந்தார் என்றும், மன்னர் அவரைப் பெரும் மரியாதையோடு வரவேற்றார் என்றும் அவரது வரலாறு கூறும். கண்ணீர் வற்றிவிட்டதால் அல்ல. கண்ணீருக்குப் பொருள் விளங்கியதால். சிறுவயதில் ஓராண்டுக்கு என்று நேர்ந்த நேர்ச்சையை இறைவன் முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று அன்று அவர் அறிந்திருப்பார். புனிதரின் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தவரும் உடன்பிறந்த சகோதரரே. 1853இல் முத்திப்பேறு பெற்ற அருளானந்தரைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1947 ஜூன் 22ஆம் நாள் புனிதராக உயர்த்தினார்.

நமக்கு உரிய பாடம்

தாயை விட்டுப் போனவர் தாயைப் போற்றியவர் ஆவாரா என்று யாரேனும் கேட்கலாம். நான்காம் கற்பனையைத் தந்த ஆண்டவரே அவரை அழைத்தார். அவர் தாயை நிராதரவாக விட்டுச் செல்லவில்லை. அருகிலிருக்க வேறு பிள்ளைகள் இருந்தனர். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் தம் அன்னையைச் சீடரிடம் ஒப்படைத்த பின்பே உயிர் விட்டார். ஆகவே ஊழியத்தையோ உத்தியோகத்தையோ காரணம் காட்டிப் பெற்றவளை மறப்பவர்களுக்கு அருளானந்தரின் வாழ்க்கை சாக்காகாது.

இன்று நம் பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். தென்னந்தோப்பு வீட்டில் ஒரு தாய் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கிறாள். அவளை அழைத்துப் பேசுங்கள். திருநாளுக்கு வந்து அவள் பக்கத்தில் அமர்ந்து பூசை காணுங்கள். தாய்மாரே, உங்கள் பிள்ளைகளில் ஒருவன் குருமடத்தையோ ஒருத்தி கன்னியர் மடத்தையோ நாடினால், அழுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பெயாட்ரிஸ் அம்மையாரும் அழுதார். அழுதபின் ஆசீர்வதித்து அனுப்புங்கள். அத்தகைய தாய்மார் இருக்கும்வரை இந்தப் பங்கு இன்னும் பல யூபிலிகளைக் காணும். புனித அருளானந்தரே, எங்களுக்காகவும் எங்களைப் பெற்ற தாய்மாருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.