ஜான் ஸ்டூவர்ட் மில்

மக்கள் கூடி வாழும் இடத்தில் கட்டுப்பாடு இன்றியமையாதது. ஊருணியில் அழுக்குத் துணியை வெளுத்தல் ஆகாது என்பதும், சாலையில் ஊர்திகள் ஒரே பக்கமாகச் செல்லுதல் வேண்டும் என்பதும் அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடத் தக்கவை அல்ல. ஆயினும், ஒருவன் எதனை உண்பது, எதனை உடுப்பது, ஓய்வு நாளை எவ்வாறு கழிப்பது, எக்கொள்கையை ஏற்பது என்பவற்றில் எல்லாம் அரசும் ஊரும் புகுந்து ஆணையிடத் தொடங்கினால், மனிதன் பிறர் கையில் ஆடும் மரப்பாவை ஆகிவிடுவான். அவ்வாறாயின், தனி மனிதனின் விருப்பம் எங்கே முடிகிறது? சட்டத்தின் ஆட்சி எங்கே தொடங்குகிறது? நாள்தோறும் நம் முன் நிற்கும் இவ்வினாவிற்குத் தெளிவான விடை காண முயன்ற பேரறிஞருள் ஒருவர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

இளமையும் கல்வியும்

மில் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் இலண்டன் நகரைச் சார்ந்த பெண்டன்வில் என்னும் இடத்தில் பிறந்தார். ஒன்பது மக்களுள் அவரே மூத்தவர். தந்தையார் ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்து நாட்டினர். செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து கல்வியால் உயர்ந்தவர். மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதே நல்ல சட்டம் என்னும் கொள்கையைப் பரப்பிய ஜெரிமி பெந்தாம் அவருடைய நண்பர். தம் மகனை அக்கொள்கையின் தொண்டனாக ஆக்கிவிட வேண்டும் என்று தந்தையார் உறுதி கொண்டார்.

ஆதலின், மில் பள்ளி எதற்கும் அனுப்பப்படவில்லை. மூன்றாம் வயதிலேயே கிரேக்க மொழியையும், எட்டாம் வயதில் இலத்தீன் மொழியையும் கற்கத் தொடங்கினார். பன்னிரண்டாம் வயதில் அளவை நூலும், அடுத்த ஆண்டில் பொருளாதாரமும் பயின்றார். நாள்தோறும் தந்தையாருடன் உலாவச் செல்லும்போது, முதல் நாள் படித்தவற்றை அவரிடம் ஒப்புவித்தல் வேண்டும். தாம் கற்றவற்றைத் தம்பி தங்கையர்க்குக் கற்பிக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. விடுமுறை என்பது அவர் அறியாதது. பிற சிறுவர்களுடன் கூடி விளையாடவும் அவருக்கு வாய்ப்பில்லை. இவ்வாறு, எதனைக் கற்பது, யாருடன் பழகுவது, எதனை விரும்புவது என்னும் யாவும் அவர்பொருட்டுப் பிறரால் முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தன.

உள்ளத்தில் தோன்றிய நோய்

1823ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். தந்தையாரும் அங்கேயே பணியாற்றி வந்தார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் கட்டுரை எழுதுவதிலும் சொற்போர் புரிவதிலும் மில் ஈடுபட்டார்.

1826ஆம் ஆண்டு இறுதியில் அவர் உள்ளம் திடீரெனச் சோர்வுற்றது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் அப்பொழுதே நிறைவேறிவிட்டால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா என்று அவர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். உண்டாகாது என்றே அவர் நெஞ்சம் விடை பகர்ந்தது. அறிவு நிறைந்திருந்தும் உணர்ச்சி வறண்டு கிடந்ததை அவர் கண்டார். அத்துயரைத் தந்தையாரிடம் கூறவும் அவரால் இயலவில்லை. பல திங்கள் கழிந்த பின்னரே துன்பம் சிறிது சிறிதாக நீங்கிற்று. 1828ஆம் ஆண்டில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்து ஆறுதல் பெற்றார். அப்பாடல்களைப் படிக்குமாறு எவரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. தாமே நாடிச் சென்று பெற்ற செல்வம் அது.

தேர்ந்தெடுக்கும் ஆற்றலும் உடல் வலிமையைப் போன்றதே. பயன்படுத்தாவிடில் அது குன்றிவிடும் என்று மில் பிற்காலத்தில் வற்புறுத்தினார். அவ்வுண்மையை அவர் ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர், பட்டு அறிந்தவர்.

பிறர்க்குத் தீங்கு செய்யாமை

மில்லிடம் அமைந்திருந்த பொறுப்புணர்ச்சியை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 1835ஆம் ஆண்டில் நடைபெற்றது. தாமஸ் கார்லைல் என்னும் எழுத்தாளர் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதிய நூலின் முதற் பகுதியைப் படித்துப் பார்க்குமாறு மில்லிடம் கொடுத்திருந்தார். அக்கையெழுத்துப்படி, பயனற்ற காகிதம் என்று தவறாகக் கருதப்பட்டு நெருப்பில் இடப்பட்டது. அதற்கு வேறு படி இல்லை. முகம் வெளிறிய மில், கார்லைலின் இல்லத்திற்கு விரைந்து சென்று நிகழ்ந்ததை ஒளியாமல் உரைத்தார். இழப்பை ஈடு செய்யப் பொருளும் அளிக்க முன்வந்தார். கார்லைல் 100 பவுன் மட்டும் பெற்றுக்கொண்டு, அப்பகுதியை மீண்டும் எழுதி முடித்தார். தம்மைச் சார்ந்த செயலால் பிறர்க்கு இழப்பு நேருமாயின், அதற்கு விடை கூறும் கடமை தமக்கு உண்டு என்பதில் மில் உறுதியாக இருந்தார். பின்னர் அவர் வகுத்த கொள்கையின் ஒரு பாதி இதுவேயாகும்.

மற்றொரு பாதியை வேறொரு நட்பு அவருக்கு உணர்த்திற்று. 1830ஆம் ஆண்டில் ஹாரியட் டெய்லர் என்னும் அறிவிற் சிறந்த பெண்மணியின் நட்பை அவர் பெற்றார். அவர் மணமானவர். எனவே ஊரார் பலவாறு தூற்றினர். நண்பர் சிலரும் விலகினர். ஹாரியட்டின் கணவர் 1849ஆம் ஆண்டில் இறந்தார். 1851ஆம் ஆண்டில் மில்லும் ஹாரியட்டும் மணந்து கொண்டனர். மனைவியின் உடைமையின்மீதும் செயல்களின்மீதும் கணவனுக்குப் பேரதிகாரம் அளித்த அக்கால ஆங்கிலச் சட்டத்தை மில் ஏற்கவில்லை. அவ்வுரிமைகளுள் எதனையும் தாம் பயன்படுத்துவதில்லை என்று திருமணத்திற்கு முன்னரே எழுதி வைத்தார். சட்டம் மட்டும் அன்று, ஊராரின் வாயும் மனிதனை அடிமைப்படுத்த வல்லது என்பதை அவர் இவ்வாண்டுகளில் நன்கு உணர்ந்தார்.

சுதந்திரம் பற்றிய நூல்

சுதந்திரம் பற்றி மில் 1854ஆம் ஆண்டில் சிறு கட்டுரை ஒன்று எழுதினார். மறு ஆண்டு உரோம் நகரில் இருந்தபொழுது, அதனை நூலாக விரிக்க எண்ணினார். கணவரும் மனைவியும் ஒவ்வொரு தொடரையும் பலமுறை படித்துத் திருத்தினர். இறுதியாக ஒரு முறை பார்த்து வெளியிடுவதற்குள், 1858ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரான்சு நாட்டு அவிஞோன் நகரில் ஹாரியட் உயிர் நீத்தார். மில் அந்நூலில் வேறு திருத்தம் எதுவும் செய்யாமல், மனைவியின் நினைவிற்கு உரிமையாக்கி 1859ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அந்நூலின் சாரம் எளியது. ஒருவனை அவன் விருப்பத்திற்கு மாறாகக் கட்டாயப்படுத்துதற்கு ஒரே காரணம்தான் உண்டு. அது, பிறர்க்குத் தீங்கு நேராமல் காத்தல். அவனுடைய சொந்த நன்மை கருதி அவனுக்கு அறிவுரை கூறலாம், இடித்துரைக்கலாம், கெஞ்சலாம், தண்டித்தல் மட்டும் ஆகாது. இவ்விதி அறிவு முதிர்ந்தவர்க்கே உரியது. பிறர் பாதுகாப்பில் வளரும் சிறுவர்க்கு உரியதன்று. மக்களைக் கற்பிக்குமாறு பெற்றோரைச் சட்டம் கட்டாயப்படுத்தலாம் என்றே மில் கருதினார்.

அன்றாட வாழ்வில் நிகழும் செயல்களைக் கொண்டே அவர் தம் கொள்கையை விளக்கினார். இடியும் நிலையில் உள்ள பாலத்தின்மீது ஒருவன் அறியாமல் கால் வைக்கப் போகிறான். அவனைப் பிடித்து நிறுத்துதல் முறையே. ஆற்றில் விழ அவன் விரும்பியிருக்க மாட்டான் அன்றோ? நஞ்சு விற்பதை அறவே தடுத்தல் வேண்டா. ஆனால் அதன்மீது எச்சரிக்கை ஒட்டுமாறும், வாங்குவோர் பெயரையும் அளவையும் ஏட்டில் குறிக்குமாறும் விற்போரைப் பணிக்கலாம்.

அக்காலத்தில் மதுவிலக்கைப் பற்றிய வாதம் மிகுந்திருந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலம் 1851ஆம் ஆண்டில் மது விற்பனையைத் தடை செய்தது. இங்கிலாந்திலும் அத்தகைய சட்டம் வேண்டி 1853ஆம் ஆண்டில் ஒரு கழகம் தோன்றிற்று. குடியின் கேட்டை மில் மறுக்கவில்லை; எனினும், அனைவர்க்கும் பொதுவான தடையை அவர் எதிர்த்தார். காவலன் ஒருவன் பணி நேரத்தில் குடித்தால் தண்டிக்க வேண்டும். குடித்துவிட்டு ஒரு முறை பிறரைத் தாக்கியவனைத் தனிக் கட்டுப்பாட்டில் வைக்கலாம். குடும்பத்தைப் பட்டினியிட்டவனை, அக்கடமை தவறியதற்காகத் தண்டிக்கலாம். மதுக்கடைகளைத் திறக்கவும் மூடவும் நேரம் வகுக்கலாம். கலகத்திற்கு இடம் தரும் கடையின் உரிமத்தைப் பறிக்கலாம். இவற்றைக் கடந்து, அமைதியாக வீட்டிலிருந்து ஒரு கோப்பை அருந்துபவனைக் குற்றவாளியாக்குதல் முறையன்று என்பது அவர் முடிபு.

இதனை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தியாவில் வைசிராயின் அவையில் சட்ட உறுப்பினராய் இருந்த ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், 1873ஆம் ஆண்டில் மறுப்பு நூல் ஒன்று வெளியிட்டார். கட்டாயமும் மனிதரை நன்னெறியில் செலுத்தும் என்பது அவர் வாதம். தன்னை மட்டுமே தாக்கும் தீங்கு என்று ஒன்று உண்டா என்னும் ஐயமும் பலரால் எழுப்பப்பட்டது.

பாராளுமன்றப் பணி

1865ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி மக்கள் மில்லைத் தேர்தலில் நிற்குமாறு வேண்டினர். தேர்தலுக்குப் பணம் செலவிடுவதில்லை என்றும், வாக்குக் கேட்டு அலைவதில்லை என்றும் கூறியே அவர் இசைந்தார். தொழிலாளர் பெரும்பாலோர் பொய் பேசுபவர் என்று அவர் முன்னர் எழுதியிருந்ததைத் தொழிலாளர் நிறைந்த கூட்டத்தில் ஒருவர் சுட்டிக்காட்டி, அவ்வாறு எழுதியது உண்டா என்று வினவினார். உண்டு என்று மில் தயங்காமல் விடையிறுத்தார். கூட்டத்தினர் சினங்கொள்ளவில்லை, அவருடைய நேர்மையைக் கைதட்டிப் பாராட்டினர், அவரும் வெற்றி பெற்றார். 1867ஆம் ஆண்டில் பெண்களுக்கும் வாக்குரிமை அளிக்குமாறு அவர் கொணர்ந்த திருத்தத்திற்கு 73 வாக்குகள் கிடைத்தன. எதிர்த்தவர் 196 பேர். மறு ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார்.

திங்களிலும் களங்கம் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் கம்பெனியில் பணியாற்றிய மில் இந்தியாவிற்கு ஒருமுறையும் வந்ததில்லை. எனினும், தம் சுதந்திரக் கொள்கை முன்னேறிய சமுதாயங்களுக்கே பொருந்தும் என்றும், மற்றவரைப் பிறர் அடக்கி ஆளலாம் என்றும் அவர் எழுதினார். தந்தையார் தம்பொருட்டு யாவற்றையும் முடிவு செய்ததன் கேட்டை உணர்ந்தவர், ஒரு நாட்டின்பொருட்டு மற்றொரு நாடு முடிவு செய்வதன் கேட்டை உணராமற் போயினார். அவர் மறுத்த உரிமையை இந்திய மக்கள் தம் முயற்சியாலேயே பெற்றனர்.

இறுதியும் புகழும்

மில் தம் இறுதிக் காலத்தின் பெரும்பகுதியை, மனைவியின் கல்லறை உள்ள அவிஞோன் நகரில் கழித்தார். 1873ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அங்கேயே காலமாகி, மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆயினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. மதுவிடுதிகளிலும் உணவு விடுதிகளிலும் புகை பிடிப்பதைத் தடுக்கலாமா என்னும் வாதம் பல நாடுகளில் எழுந்தபொழுது, இரு சாராரும் மில்லின் கொள்கையையே துணையாகக் கொண்டனர். புகைப்பவன் தன் உடலையே கெடுத்துக்கொள்கிறான். அவனைத் தடுக்கச் சட்டத்திற்கு என்ன உரிமை என்று ஒரு சாரார் வினவினர். புகை அவன் நெஞ்சோடு நின்றுவிடுவதில்லையே என்று மற்றவர் விடையிறுத்தனர். கணவர் புகைப்பதால், புகைக்காத மனைவியர்க்கும் நுரையீரற் புற்றுநோய் மிகுதியாக உண்டாவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிராயாமா 1981ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். விடுதியில் நாள் முழுதும் உணவு பரிமாறும் ஏழைப் பணியாளன் அப்புகையை விரும்பி ஏற்றவன் அல்லன். விருப்பமில்லையேல் வேறு வேலை தேடலாமே என்று அவனிடம் கூறுதல் எளிது. வயிற்றுப் பிழைப்பிற்காக வந்தவனுக்கு அஃது உண்மையான தேர்வு ஆகுமா? அயர்லாந்து 2004ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 2007ஆம் ஆண்டிலும் விடுதிகளில் புகைத்தலைத் தடை செய்தன. பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் விதிகள் இந்தியாவில் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. புகைப்பவனைத் திருத்துதற்கு எனில் மில் இச்சட்டங்களை ஏற்றிருக்க மாட்டார். அருகில் இருப்பவனைக் காத்தற்கு எனில், அவர் வகுத்த எல்லைக்குள் அவை அடங்கும்.

புதிய சட்டம் ஒன்று தோன்றும்போதெல்லாம் இரண்டு வினாக்களை எழுப்புமாறு மில் நமக்குக் கற்பித்தார். இச்செயலால் துன்புறுபவர் யார் என்பது ஒன்று; அத்துன்பத்தை அவர் தாமே விரும்பி ஏற்றாரா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நடுநிலையோடு ஆராய்பவர், தம் உரிமையையும் இழவார். பிறர் உரிமையையும் பறியார்.